அம்பலவாவ்: சந்தை நாளைப் பார்த்துப் போய்ச் சேருங்கள்

அம்பலவாவுக்குப் போக விரும்புகிறவர்கள் வரைபடத்தைத் திறப்பதற்கு முன் நாட்காட்டியைத் திறக்க வேண்டும். மடகாஸ்கரின் நடு மேட்டுநிலத்தில், தலைநகர் அன்டனனரிவோவிலிருந்து தெற்கே ஏறக்குறைய 460 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இந்தச் சிற்றூரில், புதன், வியாழன் ஆகிய கிழமைகளில் மாட்டுச் சந்தை கூடுகிறது. அந்தத் தீவின் மிகப் பெரிய மாட்டுச் சந்தைகளுள் அதுவும் ஒன்று. சுற்றுலா வண்டிகள் எந்தக் கிழமையாக இருந்தாலும் இங்கே ஒன்றிரண்டு மணி நேரம் நின்று, காகிதப் பட்டறையைக் காட்டி, மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, தெற்கே இசாலோ பாறைப் பள்ளத்தாக்குகளை நோக்கிக் கிளம்பிவிடுகின்றன. நான் செவ்வாய்க்கிழமை மாலையில் போய்ச் சேருமாறு பயணத்தை அமைத்துக்கொண்டேன். மாடு, நெல், கல்லறை ஆகிய மூன்றும் எப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அந்த ஊரை நடத்துகின்றன என்பதைச் சந்தை நாளில் ஊருக்குள் இருந்தால்தான் பார்க்க முடியும் என்பது என் எண்ணம்.

முதலில் வழியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தெற்கே போகும் 7ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வரைபடத்தில் நேர்கோடாகத் தெரிந்தாலும், பல இடங்களில் தார் பெயர்ந்து குழிகள் நிறைந்திருப்பதால், 460 கிலோமீட்டரை ஒரே மூச்சில் கடக்கத் திட்டமிடுவது உடம்புக்கும் நல்லதில்லை, பாதுகாப்புக்கும் நல்லதில்லை. அன்ட்சிராபேயில் ஓர் இரவு, ஃபியனரன்ட்சோவாவில் ஓர் இரவு என்று பிரித்துக்கொண்டால் பகல் வெளிச்சத்திலேயே முழு வழியும் முடிந்துவிடும். ஃபியனரன்ட்சோவாவிலிருந்து அம்பலவாவ் வெறும் 56 கிலோமீட்டர்தான். இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் போக வேண்டாம் என்று விடுதிக்காரர்களும் ஓட்டுநர்களும் ஒரே குரலில் சொல்லுவார்கள். அதை மிகையான எச்சரிக்கை என்று ஒதுக்கிவிடாதீர்கள். வழிப்பறி நடக்கும் நாடு அது. விளக்கில்லாத மாட்டு வண்டிகள் சாலையில் நகரும் நாடும் கூட.

தனி வாகனம் அமர்த்திக்கொள்ளாதவர்களுக்கு இருக்கும் வழி டாக்ஸி புரூஸ் எனப்படும் பங்கு வேன். அதற்குக் கடிகார நேரம் கிடையாது. ஆள் நிறைந்ததும் கிளம்பும். மூன்று பேர் உட்காரக்கூடிய வரிசையில் நான்கு பேர் உட்காருவது வழக்கம், மடியில் குழந்தையோ கோழியோ இருந்தால் அது கணக்கில் சேராது. முந்தின நாளே வண்டி நிலையத்துக்குப் போய், நிறுவனத்தின் பலகைக்குக் கீழே இருக்கும் எழுத்தரிடம் பணம் கட்டி, இருக்கைப் படத்தில் நம் பெயர் எழுதப்பட்டதைப் பார்த்துவிட்டு வந்தால், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையோ சன்னலோர இருக்கையோ கிடைக்க வாய்ப்புண்டு. பெட்டி கூரையின் மேல் தார்ப்பாய்க்கு அடியில் போகும் என்பதால், மருந்து, பணம், கடவுச்சீட்டு, ஒரு கம்பளி ஆகியவற்றைக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். வழியில் அம்பட்டோலாம்பியில் வார்த்த அலுமினியப் பானைகளைச் சாலையோரம் அடுக்கி வைத்திருப்பார்கள். அம்பூசிட்ராவில் மரச் செதுக்கு வேலைகள். இரண்டுமே நின்று பார்க்கத் தகுந்தவை, ஆனால் பங்கு வேன் நமக்காக நிற்காது.

அன்ட்சிராபேயைத் தாண்டிய பிறகு இருபுறமும் நெல் வயல்கள்தான். மேட்டுநிலத்தின் தென்பகுதியில் வாழும் பெட்சிலியோ மக்கள் படிக்கட்டு வயல் அமைப்பதில் தீவு முழுவதும் பெயர் பெற்றவர்கள். மலைச்சரிவை வெட்டி, ஓடையைத் திருப்பி, மேல்வயலின் நீர் கீழ்வயலுக்கு ஒழுங்காக இறங்கும்படி வரப்பு கட்டியிருப்பதைப் பார்த்தால், வேளாண்மை தெரிந்த எவரும் வண்டியை நிறுத்தச் சொல்லுவார். நம் ஊரில் திருந்திய நெல் சாகுபடி என்றும், அரசுத் திட்டமாக வந்தபோது ராஜராஜன் 1000 என்றும் பெயர் பெற்ற ஒற்றை நாற்று நடவு முறை இந்த மேட்டுநிலத்திலிருந்து கிளம்பியதுதான். ஹென்றி டி லொலானியே என்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் 1980களின் தொடக்கத்தில், அன்ட்சிராபே பகுதியில் உழவர்களோடு சேர்ந்து வேலை செய்தபோது இளம் நாற்று, ஒற்றை நாற்று, அகல இடைவெளி, காய்ச்சலும் பாய்ச்சலும் (வயலை மாறி மாறிக் காயவிட்டு நீர் பாய்ச்சுவது) என்ற முறையை உருவாக்கினார். பிறந்த ஊரில் அதைப் பின்பற்றுகிறவர்கள் நிறைய இருப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். நான் பார்த்த வயல்களில் பெரும்பாலானவற்றில் பழைய முறைப்படி நெருக்கமாகத்தான் நட்டிருந்தார்கள். நீரைக் கட்டுப்படுத்தவும் களையெடுக்கவும் ஆள் வேண்டும், இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று என்னோடு வந்த வழிகாட்டி கேட்டார். நடவுக்கு முன் நீர் கட்டிய வயலில் மாடுகளை வட்டமாக ஓட்டி மிதிக்க வைத்துச் சேறாக்குவது இன்னும் நடக்கிறது. அறுவடை முடிந்த வயல்களின் களிமண்ணை வெட்டி, அங்கேயே செங்கல் அறுத்து, சூளை அடுக்கிச் சுடுகிறார்கள். அதனால்தான் மேட்டுநிலத்து வீடுகள் எல்லாம் நின்ற மண்ணின் நிறத்திலேயே இருக்கின்றன.

சந்தை ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் கூடுகிறது. வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுவது நல்லது. தெற்கே இஹோசிப் பக்கத்துச் சமவெளியிலிருந்து பாரா இனத்து ஓட்டிகள் நாள் கணக்கில் நடத்திக்கொண்டு வரும் திமில் மாடுகள் சிவந்த புழுதியைக் கிளப்பிக்கொண்டு மேட்டில் ஏறி வருவதைச் சற்று தூரத்திலிருந்து பார்க்க வேண்டும். நுழைவாயிலின் ஓரம் நிற்பதற்குத் தோதான இடமில்லை. மிரண்ட மாடு ஒன்று திரும்பினால் பின்னால் வரும் மந்தை முழுவதும் திரும்பும். மேட்டின் மேல்பக்கத்தில், யாராவது உள்ளூர்ப் பெரியவர் நிற்கும் இடமாகப் பார்த்து அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டால் போதும். ஓட்டிகள் தோளில் போர்வையும், தலையில் தொப்பியும், ஆள் உயரத்துக்கு மேற்பட்ட கம்புமாக நிற்பார்கள். பேரம் பேசுகிறவர்கள் குரலை உயர்த்துவதில்லை.

ஒரு வியாபாரம் முடிவதை முழுமையாகப் பார்த்தேன். வாங்க வந்தவர் மாட்டின் திமிலை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார், வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார், பின்பக்கமாகப் போய்த் தொடையைத் தட்டினார், பிறகு காதைப் பிடித்து மடக்கி, அதில் வெட்டியிருந்த அடையாளத்தை நெடுநேரம் பார்த்தார். குலத்துக்குக் குலம் காதுவெட்டு வேறுபடும். அதன் பிறகுதான் விற்பவர் சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய தாள்களை எடுத்தார். அந்த மாட்டின் நிறம், அடையாளம், உடைமையாளர் விவரம் ஆகியவை எழுதி முத்திரை குத்திய பத்திரம் அது. பத்திரமில்லாத மாட்டை விற்கவும் முடியாது, ஊர்விட்டு ஊர் ஓட்டவும் முடியாது. இருவரும் அதிகாரியின் மேசைக்குப் போய்ப் பெயர் மாற்றிய பிறகுதான் பணம் கைமாறியது. கட்டுக் கட்டாக, ஒவ்வொரு கட்டையும் இரண்டு பேர் எண்ணினார்கள்.

இவ்வளவு காகிதம் எதற்கு என்றால், டஹாலோ எனப்படும் மாட்டுத் திருடர்களுக்காக. ஒரு காலத்தில் பாரா இளைஞன் திருமணத்துக்கு முன் தன் துணிவைக் காட்ட மாடு கவர்ந்து வருவது மரபாக இருந்தது. இன்று அது துப்பாக்கி ஏந்திய கும்பல்களின் தொழிலாகிவிட்டது, ஊர்கள் எரிகின்றன, ஆட்கள் சாகிறார்கள். வருகையாளருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் நேரடியானது. ஊரைவிட்டு விலகிய சிற்றூர்களுக்கு நடந்து போக விரும்பினால், உள்ளூர் வழிகாட்டியோடு போக வேண்டும். போனதும் ஃபோகோன்டானி எனப்படும் ஊர்ப் பிரிவின் தலைவரைக் கண்டு, வந்த காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். இரவில் வயல்வெளியில் விளக்கோடு அலையும் அந்நியரை யார் எப்படிப் பார்ப்பார்கள் என்பதை ஊகிக்க அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. சந்தையில் படம் எடுப்பதும் இதோடு சேர்ந்ததுதான்: ஓட்டியின் முகத்தையும், பத்திரத்தையும், எண்ணும் பணத்தையும் கேட்காமல் எடுக்கக் கூடாது.

வாங்கிய மாடுகளில் ஒரு பகுதி லாரியில் ஏறித் தலைநகருக்குப் போகிறது. இன்னொரு பகுதி சுற்றுவட்டார ஊர்களுக்குப் போகிறது, உழவுக்கும், சாவுச் சடங்குக்கும். மேட்டுநிலத்தில் வீட்டைவிடக் கல்லறைக்கே அதிகம் செலவழிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்; மண் வீடுகளுக்கு நடுவே கல்லும் சிமென்ட்டுமாக எழுந்து நிற்கும் குடும்பக் கல்லறைகளைப் பார்த்தபோது அதை ஏற்க வேண்டியதாயிற்று. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரையிலான வறண்ட குளிர் மாதங்களில் ஃபமடியானா என்ற சடங்கு நடக்கிறது. முன்னோரின் எலும்புகளைக் கல்லறையிலிருந்து வெளியே எடுத்து, புதுப் பட்டில் சுற்றி, இசையோடும் ஆட்டத்தோடும் விருந்தோடும் மீண்டும் உள்ளே வைக்கிறார்கள். வழியில் வாத்தியக் குழுவோடு வரும் ஊர்வலத்தைக் கண்டு யாராவது உங்களைக் கூப்பிட்டால் போகலாம்; அது துக்க வீடு அன்று, கொண்டாட்டம். உறையில் கொஞ்சம் பணம் வைத்துக் குடும்பத்துப் பெரியவரிடம் இரு கைகளாலும் கொடுப்பதும், அனுமதி கேட்ட பிறகே படம் எடுப்பதும் முறை. கூப்பிடாமல் போய் நிற்பதற்கும், அதைச் சுற்றுலாக் காட்சியாக ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லும் ஆட்களிடம் பணம் கொடுப்பதற்கும் எனக்கு உடன்பாடில்லை.

அந்தப் பட்டு இங்கேதான் நெய்யப்படுகிறது. நாம் அறிந்த முசுக்கொட்டைப் பட்டும் உண்டு. ஆனால் உயர்வாக மதிக்கப்படுவது டாபியா மரக்காடுகளில் கிடைக்கும் காட்டுப் பட்டு. கூடுகளை வேகவைத்து, பஞ்சு நூற்பதைப் போல் கையால் நூற்பதால் நூல் சற்று முரடாக, மங்கலான பழுப்பு நிறத்தில் இருக்கும், பளபளப்பு இருக்காது. காஞ்சிபுரத்துப் பட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது முதலில் ஏதோ சணல் துணியைப் போலத் தோன்றலாம். விலை கேட்டால் புரியும். பட்டறைகளில் சால்வை வாங்குகிறவர்கள் காட்டுப் பட்டா, வளர்ப்புப் பட்டா, இரண்டும் கலந்ததா என்று கேட்டே வாங்க வேண்டும். பெரும்பாலும் உண்மையையே சொல்லுகிறார்கள்.

காகிதப் பட்டறையைப் பற்றி எனக்கு இரட்டை மனம். அவோஹா என்ற மரத்தின் பட்டையை மணிக்கணக்கில் வேகவைத்து, மரக் கொட்டாப்புளியால் கூழாக அடித்து, உருண்டைகளாகப் பிடிக்கிறார்கள். தொட்டி நீரில் மிதக்கும் பருத்தித் துணிச் சட்டத்தின் மேல் ஒரு பெண்மணி ஓர் உருண்டையைக் கரைத்து, விரல் நுனிகளால் தண்ணீரை லேசாகத் தட்டித் தட்டி, ஓரிடத்திலும் தடிப்பில்லாமல் பரப்பினார். சட்டத்தை உயர்த்தியதும் தண்ணீர் வடிந்து சீரான படலம் நின்றது. அதன் மேல் பூக்களையும் இலைகளையும் அடுக்கி, நீர்த்த கூழை மேலே தெளித்து, சட்டத்தோடு வெயிலில் சாய்த்து வைத்தார். வேலை அருமையானது. ஆனால் இந்தக் கலையின் உண்மையான இடம் தென்கிழக்குக் கடற்கரை. அங்கே வாழும் அன்டைமூரோ மக்கள், அரபுத் தொடர்பிலிருந்து வந்த எழுத்தைக் கொண்டு, மலகாசி மொழியில் தங்கள் வரலாற்றையும் சோதிடத்தையும் மருத்துவத்தையும் எழுதி வைக்க இந்தக் காகிதத்தைச் செய்தார்கள். சோராபே என்று பெயர் பெற்ற அந்தச் சுவடிகளில் பூ இதழ்கள் கிடையாது. 1930களில் ஒரு பிரெஞ்சுக்காரர் அம்பலவாவில் பட்டறை போட்ட பிறகுதான் பூக் காகிதம் வந்தது. மற்ற தொழில்கள் ஊருக்காக நடக்க, இது ஒன்றுதான் வருகிறவர்களுக்காக நடக்கிறது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் குறையில்லை. வாங்கினால் சுருட்டாமல், இரண்டு அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வைத்துக் கொண்டுவாருங்கள்.

ஊரிலிருந்து தெற்கே 12 கிலோமீட்டர் தூரத்தில் அன்ஜா காப்புக்காடு இருக்கிறது. செங்குத்தான கருங்கல் மலைகளின் அடியில் எஞ்சியிருந்த சிறு காட்டைச் சுற்றியுள்ள ஊர் மக்களே சங்கம் அமைத்துக் காத்து, கட்டணத்தைப் பள்ளிக்கும் வயலுக்கும் செலவிடுகிறார்கள். 2012இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. வளையவால் லெமூர்கள் என்ற குரங்கு போன்ற விலங்குகளை இங்கே பார்ப்பதற்குக் காட்டுக்குள் நாள் முழுவதும் அலைய வேண்டியதில்லை. காலை வெயிலில் பாறை மேல் கைகளை விரித்துக்கொண்டு வயிற்றைக் காய்ச்சிக்கொண்டிருக்கும். வழிகாட்டியின்றி உள்ளே விடமாட்டார்கள். பாறைப் பொந்துகளில் பழைய கல்லறைகள் உண்டு. அவற்றை நோக்கி விரல் நீட்டுவது ஃபாடி, அதாவது விலக்கு. காட்ட வேண்டுமென்றால் விரலை மடக்கிக்கொண்டு காட்ட வேண்டும். ஒவ்வொரு மலைக்கும் ஒவ்வொரு ஊருக்கும் விலக்குகள் மாறுவதால், கிளம்பும் முன்பே இங்கே என்னென்ன ஃபாடி என்று வழிகாட்டியிடம் கேட்டுவிடுவதே எளிது.

சாப்பாட்டுக்கு நமக்கு எந்தச் சிரமமும் இல்லை. மூன்று வேளையும் சோறுதான். ஹோட்டேலி எனப்படும் சிறு சாப்பாட்டுக் கடைகளில் மலையாகக் குவித்த சோற்றுக்கு ஒரு கிண்ணம் தொடுகறி தருவார்கள். காலையில் கீரை போட்டுக் குழைய வேகவைத்த சோறும், பணியாரக் கல்லைப் போன்ற குழிச் சட்டியில் சுட்ட மூஃபோ காசி என்ற அரிசி மாவுப் பலகாரமும் கிடைக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் பீன்ஸ் பருப்பையோ கீரையையோ கேட்கலாம், ஆனால் அதில் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேகவைத்திருக்கக்கூடும். "ட்சி மிசி ஹேனா", அதாவது இறைச்சி இல்லாமல் என்று பானையைத் திறக்கும் முன் சொல்லிவிட வேண்டும். குடிக்க ரனோவோலா தருவார்கள். சோறு வடித்த பானையின் அடிப்பிடித்த பருக்கையில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்தது. கொதித்த நீர் என்பதால் குழாய்த் தண்ணீரைவிட நம்பிக்கையாகக் குடிக்கலாம்.

பணத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் அரியாரிதான் நாணயம். அதற்கு முன் இருந்த ஃபிராங்கில் ஐந்து சேர்ந்தால் ஓர் அரியாரி. ஆனால் சந்தையில் வயதானவர்கள் இன்னும் ஃபிராங்கிலேயே விலை சொல்லுவார்கள்; வாழைச் சீப்புக்குச் சொன்ன விலை கேட்டுத் திகைப்பாக இருந்தால், கோபப்படும் முன் ஐந்தால் வகுத்துப் பாருங்கள். அரிசி, பயறு ஆகியவற்றைக் கபோக்கா என்ற கெட்டிப்பால் டப்பாவால் அளந்து விற்கிறார்கள். கும்மாச்சியாக அளந்தால் மூன்றரை டப்பா ஒரு கிலோ அரிசி. மிகப் பெரிய தாளே 20,000 அரியாரி என்பதால் கட்டுக் கட்டாகத் தூக்க வேண்டியிருக்கும், அதற்கும் சிறு கடைகளில் சில்லறை கிடைக்காது. பணத்தை ஃபியனரன்ட்சோவாவிலேயே மாற்றி, சிறு தாள்களாக வாங்கிவைத்துக்கொள்வது உத்தமம்.

நம் தோற்றத்தைப் பார்த்துச் சிலர் கரானாவா என்று கேட்பார்கள். பெரும்பாலும் குஜராத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் குடியேறி வணிகம் செய்யும் இந்திய வம்சாவளியினரை அப்படி அழைக்கிறார்கள். அவர்கள் வசதியானவர்கள் என்ற எண்ணம் பரவலாக இருப்பதால், நமக்குச் சொல்லும் விலையும் அதற்கேற்ப ஏறும். இந்தியாவிலிருந்து ஊர் பார்க்க வந்தவன் என்று சொல்லி, இரண்டு வார்த்தை மலகாசி பேசினால் பேச்சு வேறு திசைக்குப் போகும். என்னிடம் நெல்லைப் பற்றியே அதிகம் கேட்டார்கள், எத்தனை போகம் எடுக்கிறீர்கள், மாடு மிதிக்க விடுவீர்களா, டிராக்டரா என்று.

மடகாஸ்கர் என்றதும் பருத்திச் சட்டையை மட்டும் அடுக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேட்டுநிலத்து இரவுகள் நன்றாகக் குளிரும், அன்ட்சிராபேயில் உறைபனியே விழும்; விடுதிகளில் வெப்பமூட்டி இருக்காது. நவம்பர் முதல் மார்ச் வரை மழை, மண் சாலைகள் அடைபடும். மலேரியா தடுப்பு மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மேட்டுநிலத்தில் மழைக்காலத்தை ஒட்டி பிளேக் நோய் தலைகாட்டுவதும் உண்டு, 2017இல் பெரிதாகப் பரவியது. தரையில் படுக்காமல் இருப்பதும், காய்ச்சல் வந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போவதும் நல்லது. எத்தியோப்பியா அல்லது கென்யா வழியாக விமானம் மாறுகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் கையில் வைத்திருந்தால், திரும்பும்போது இந்திய விமான நிலையத்தில் தொந்தரவிருக்காது.

வியாழன் பிற்பகலில் சந்தை கலைந்ததும் வடக்கே போகும் வண்டிகள் சீக்கிரமே நிறைந்துவிடும். அன்ட்ரிங்கிட்ரா மலைக்குப் போகும் எண்ணமில்லாதவர்கள் வெள்ளிக்கிழமை காலைக்கு இருக்கையைப் புதன்கிழமையே எழுதி வைத்துவிட்டு, திரும்பும் விமானத்துக்கும் இந்தப் பயணத்துக்கும் நடுவே ஒரு முழு நாளையாவது தலைநகரில் சும்மா விட்டுவைக்க வேண்டும். மிச்ச அரியாரியை வேறெந்த நாட்டிலும் மாற்ற முடியாது. இவாட்டோ விமான நிலையத்தில், கடவுச்சீட்டுச் சோதனைக்குள் நுழையும் முன்பே மாற்றிவிடுங்கள்.